ஊசி போட்ட தோள் ஐந்து மாதமாகத் தூக்க முடியவில்லை: அமெரிக்காவில் இழப்பீடு கேட்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் வேலை. வயது 46, சுகர் உண்டு. அக்டோபர் நடுவில் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசியும் கோவிட் ஊசியும் ஒரே நாளில், இரண்டையும் இடது தோளிலேயே போட்டுக்கொண்டீர்கள். அன்று ராத்திரியே வலி ஆரம்பித்தது. சரியாகிவிடும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆறு வாரம் ஓட்டிய பிறகுதான் டாக்டரிடம் போனீர்கள். டிசம்பரில் கோயம்புத்தூர் போனபோது மூன்று வாரம் பிசியோதெரபி. இப்போது மார்ச். இன்னும் சட்டையில் கை நுழைக்க மனைவி உதவ வேண்டியிருக்கிறது. மருந்துக்கடை மேல் கேஸ் போடலாமா, வக்கீல் எவ்வளவு எடுத்துக்கொள்வார், விசாவுக்கு ஏதாவது சிக்கல் வருமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இது ஊசியால்தான் வந்தது என்று யார் நம்புவார்கள்?" என்று எழுதியிருக்கிறீர்களே, மற்ற மூன்றும் அந்த ஒன்றில்தான் தொங்குகின்றன. ஆகவே அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

நான் வக்கீல் இல்லை. தடுப்பூசி பாதிப்பு வழக்குகளை மட்டும் எடுக்கும் ஒரு அலுவலகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். மருத்துவ ஆவணங்களை ஒவ்வொரு பக்கமாகப் படித்து, எந்தத் தேதியில் என்ன வலி, யார் என்ன எழுதினார்கள் என்று காலவரிசை தயாரிப்பதுதான் என் வேலை. சட்டத்தைப் பற்றி நான் சொல்வது பொதுவான நிலை. உங்கள் வழக்குக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை ஆவணங்களைப் பார்த்த ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த மாதிரி மனுக்கள் எங்கே நிற்கும், எங்கே சரியும் என்பதைப் பல நூறு கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

நிச்சயமானதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஃப்ளூ ஊசிக்காக மருந்துக்கடை மேலோ ஊசி தயாரித்த கம்பெனி மேலோ நீங்கள் நேராகக் கேஸ் போட முடியாது. 1980களில் கக்குவான் இருமலுக்கான பழைய டி.பி.டி. ஊசி குழந்தைகளைப் பாதித்தது என்று அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தயாரிப்பை நிறுத்தின, விலை ஏறியது, ஊசிக்கே தட்டுப்பாடு வரும் என்ற பயம் வந்தது. அந்த நெருக்கடியில்தான் 1986ல் தேசியக் குழந்தைப் பருவத் தடுப்பூசி பாதிப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1988 அக்டோபரிலிருந்து ஓர் இழப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வி.ஐ.சி.பி. என்பார்கள். பெயரில் குழந்தைப் பருவம் இருந்தாலும் பெரியவர்களும் மனு செய்யலாம். இன்று வரும் மனுக்களில் பெரும்பாலானவை பெரியவர்களுடையவை, அதிலும் ஃப்ளூ ஊசி சம்பந்தப்பட்டவைதான் அதிகம்.

இதில் எதிர்மனுதாரர் மருந்துக்கடை கிடையாது, அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலர். அவர் சார்பாக நீதித் துறை வக்கீல்கள் வருவார்கள். வழக்கு வாஷிங்டனில் உள்ள கோர்ட் ஆஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸ் என்ற நீதிமன்றத்தில், ஸ்பெஷல் மாஸ்டர் என்ற தனி நீதிபதி முன் நடக்கும். ஜூரி கிடையாது. பெரும்பாலும் நீங்கள் நேரில் போகவே வேண்டியிருக்காது. பணம் ஒரு தனி நிதியிலிருந்து வருகிறது. இந்தத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஊசியிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி பிடித்து அந்த நிதியில் சேர்க்கிறார்கள். ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட், மூன்று நோய்களைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசிக்கு 2 டாலர் 25 சென்ட். இதுவரை 500 கோடி டாலருக்கு மேல் அதிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் யார் பாக்கெட்டிலும் கை வைக்கவில்லை. இப்படிப்பட்ட நாளுக்காகவே சேர்த்து வைத்த பணத்தில் உங்களுக்கு உரியதைக் கேட்கிறீர்கள். அந்த மருந்துக்கடைப் பெண் மேல் கேஸ் போடுவதற்கு மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலையை விட்டுவிடுங்கள், அவர் பெயர் எதிர்த்தரப்பில் வராது.

இந்தச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த ஊசிக்குப் பிறகு, எத்தனை நேரத்துக்குள், எந்தப் பாதிப்பு தொடங்கினால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும் என்பது அதில் இருக்கும். அதில் உங்கள் பிரச்சினைக்கு 2017 மார்ச்சிலிருந்து ஓர் இடம் உண்டு. சிர்வா என்பார்கள், ஊசி போட்ட விதத்தால் வரும் தோள்பட்டைப் பாதிப்பு. ஊசியைக் கையின் சதைப்பகுதியில் போடாமல் மேலே, தோள் எலும்பை ஒட்டிப் போட்டுவிட்டால் மருந்து தசைக்குள் போகாமல் மூட்டைச் சுற்றியுள்ள பை போன்ற இடத்தில் இறங்குகிறது. அங்கே வீக்கம், அழற்சி. ஊசி போட்டவுடன் வரும் சாதாரணக் கைவலி இரண்டு மூன்று நாளில் போய்விடும், இது போகாது. மருந்தில் குறை இல்லை, குத்திய இடத்தில்தான் குறை. நின்றுகொண்டே குனிந்து போடுவது, சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டு மேலாகக் குத்துவது, இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது.

அட்டவணையின் நான்கு நிபந்தனைகள் பூர்த்தியானால் "ஊசியால்தான்" என்று நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் தோளில் இந்த வலியை விளக்கும்படியான பழைய கோளாறு இருந்திருக்கக் கூடாது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். இதை விளக்கக்கூடிய வேறு நோய் இருக்கக் கூடாது, உதாரணமாகக் கழுத்தில் நரம்பு அழுத்தம். இவற்றோடு சட்டத்தின் பொதுவான நிபந்தனை ஒன்றும் உண்டு: பாதிப்பு ஊசி போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மட்டும் அந்த ஆறு மாதக் கணக்கு வேண்டாம். உங்களுக்கு ஏப்ரல் நடுவில் ஆறு மாதம் முடியும். அதற்குள் கை முழுசாகச் சரியாகிவிட்டால் வழக்கு இல்லை. சரியாகட்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான்கும் பொருந்துவது போலத் தெரிகிறது. ஆனால் ஸ்பெஷல் மாஸ்டர் பார்ப்பது நீங்கள் எனக்கு எழுதியதை இல்லை. டாக்டர் அன்றைக்கு எழுதியதைத்தான் முதலில் பார்ப்பார்.

இந்த இடத்தில் நான் பார்த்த ஒரு கோப்பைச் சொல்ல வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண். செப்டம்பர் கடைசியில் ஃப்ளூ ஊசி, மறுநாள் காலையிலிருந்து ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாத வலி. மூன்று வாரம் கழித்து இருமலுக்காக டாக்டரிடம் போகிறார். இருமலைப் பற்றிப் பேசினார், மருந்து வாங்கினார், வந்துவிட்டார். தோளைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த வருகையின் பக்கத்தில் கம்ப்யூட்டர் தானாக நிரப்பிய ஒரு வரி: "தசை, மூட்டு: வலி இல்லை." டாக்டர் அதைத் தட்டச்சு செய்யக்கூட இல்லை, அச்சடித்த படிவத்தில் வருவது. பிறகு நவம்பரில் எலும்பு டாக்டரிடம் போனபோது "இரண்டு மாதமாகத் தோள் வலி" என்று எழுதினார்கள். அரசு வக்கீல் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டார்: அக்டோபரில் வலி இல்லையென்றால் 48 மணி நேரத்தில் தொடங்கியது எப்படி? அந்த வரியைத் தாண்டி வருவதற்கு எங்களுக்கு ஒரு வருடம் போயிற்று. அவர் ஊசி போட்ட மறுநாள் தங்கைக்கு அனுப்பிய செய்தியும், வண்டி ஓட்டும்போது கூட இருந்த உதவியாளரின் பிரமாண வாக்குமூலமும்தான் கடைசியில் காப்பாற்றின.

உங்களுக்கும் இதே சிக்கல் வர வாய்ப்பு இருக்கிறது. ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் போனீர்கள். அன்று அவர் என்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியுமா? "ஊசி போட்ட நாளிலிருந்து வலி" என்று இருந்தால் நல்லது. "சில வாரங்களாக வலி" என்று மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். "பெட்டி தூக்கியதால் இருக்கலாம் என்கிறார்" என்று இருந்தால் கஷ்டம். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் "எதனால் வந்தது?" என்று கேட்டால் அவருக்கு உதவி செய்வதாக நினைத்து நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுப்போம்: "ஊருக்குப் போக பேக்கிங் பண்ணினேன், அதனால இருக்குமோ என்னமோ." அந்த "என்னமோ" ஆவணத்தில் ஏறாது, பெட்டி மட்டும் ஏறும்.

அதனால் இந்த வாரமே அந்த ஆவணங்களின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அமெரிக்கச் சட்டப்படி உங்கள் மருத்துவ ஆவணத்தைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு, பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். தவறாக எழுதியிருந்தால் எழுத்துமூலம் திருத்தம் கேட்கலாம். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் கையில், ஆனால் நீங்கள் கேட்டது பதிவில் இருக்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, எதைச் செய்ய முடியவில்லை என்பதை நடந்தபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு கதை மாறிக்கொண்டே வருகிற கோப்பை எந்த ஸ்பெஷல் மாஸ்டரும் நம்பமாட்டார், நம்பவும் கூடாது. கையை எத்தனை டிகிரி வரை தூக்க முடிகிறது என்பதை அளந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "வலி உண்டு" என்பதை விட "பக்கவாட்டில் 95 டிகிரி வரைதான்" என்ற ஒரு வரிக்கு எடை அதிகம்.

மருந்துக்கடையிலும் ஒரு தாள் வாங்க வேண்டும். ஊசி போட்ட தேதி, தயாரித்த கம்பெனி, லாட் எண், போட்டவரின் பெயர் ஆகியவற்றைப் பதிவு செய்து வைப்பது சட்டப்படி அவர்கள் கடமை. எந்தக் கை என்பதும் பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டிப்பாகப் பாருங்கள். இடது கையில் போட்டுவிட்டு வலது என்று பதிவாகியிருக்கும் கோப்புகள் எத்தனையோ வந்திருக்கின்றன.

இனி சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். முதலாவது உங்கள் சுகர். உறைந்த தோள் என்று சொல்லும் நிலை, அதாவது மூட்டு உறை இறுகிக் கை அசையாமல் போவது, சுகர் உள்ளவர்களுக்கு ஊசி எதுவும் போடாமலே அதிகமாக வருகிறது. இது மருத்துவ உலகில் நன்றாகத் தெரிந்த விஷயம், அரசுத் தரப்பு நிபுணர் இதைக் கண்டிப்பாக எடுப்பார். பதில் இல்லாமல் இல்லை. சுகரால் வரும் உறைந்த தோள் பெரும்பாலும் மெல்ல மெல்ல வரும், குறிப்பிட்ட ஒரு ராத்திரியில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. உங்களுக்குத் திடீரென்று, ஊசி போட்ட அன்றே, போட்ட தோளிலேயே வந்திருக்கிறது. இந்த வாதம் ஏற்கப்பட்ட வழக்குகளைப் பார்த்திருக்கிறேன், ஏற்கப்படாததையும் பார்த்திருக்கிறேன். முன்பு எப்போதாவது இந்தத் தோளுக்கோ கழுத்துக்கோ டாக்டரிடம் போயிருந்தால் அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஊசிக்கு முந்தைய மூன்று வருட ஆவணங்களையாவது கேட்பார்கள், அப்போது எப்படியும் வெளியே வரும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கழுத்து வலி வந்தது, விரல் வரை மரத்துப்போனது என்று ஏதாவது இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, கோவிட் ஊசியும் அதே தோளில் இறங்கியிருப்பது. இது உண்மையிலேயே சிக்கல். கோவிட் ஊசி வி.ஐ.சி.பி. திட்டத்தில் இல்லை. அதில் சேர்க்க வேண்டுமானால் நாடாளுமன்றம் அந்த ஊசி மேல் அந்த 75 சென்ட் வரியை விதிக்க வேண்டும், அது நடக்கவில்லை. கோவிட் ஊசிக்கு உள்ளது 2005ம் வருடச் சட்டத்தின் கீழ் வரும் இன்னொரு திட்டம், சி.ஐ.சி.பி. எழுத்து ஒன்றுதான் மாறுகிறது, ஆனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சி.ஐ.சி.பி.யில் நீதிமன்றம் கிடையாது, சுகாதாரத் துறையே மனுவைப் பார்த்துத் தானே முடிவு சொல்லும். மறுபரிசீலனை கேட்டாலும் அதே துறைக்குள்தான், நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு இல்லை. வலி, வேதனைக்குப் பணம் கிடையாது. வக்கீல் கட்டணத்தையும் தரமாட்டார்கள். இன்ஷூரன்ஸ் கொடுக்காமல் விட்ட மருத்துவச் செலவும், இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியும்தான் கிடைக்கும். பாதிப்பு கடுமையானதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. கோவிட் சம்பந்தமாகப் பத்தாயிரத்துக்கும் மேல் மனுக்கள் வந்த அந்தத் திட்டத்தில் பணம் கிடைத்தவர்கள் சில டஜன் பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் இதயத் தசை அழற்சி வந்தவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அரசு போட்டுக்கொள்ளச் சொன்னது, மக்கள் நம்பிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் மிகச் சிலருக்கு உண்மையாகவே பாதிப்பு வந்தபோது அவர்களுக்கு விட்ட கதவு இவ்வளவு குறுகலாக இருக்கக் கூடாது.

உங்கள் தோளைப் பாதித்தது இரண்டில் எந்த ஊசி? யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஃப்ளூ ஊசியை வைத்து வி.ஐ.சி.பி.யில் மனு செய்யலாம், அட்டவணையும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் அரசு வக்கீல் "கோவிட் ஊசியால் வந்திருக்கலாமே" என்று கேட்கக்கூடும். இரண்டும் எவ்வளவு தள்ளிப் போடப்பட்டன, எது மேலே, எது கீழே, எந்த ஊசி போடும்போது வலி அதிகமாக இருந்தது என்பதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் இன்றே தேதி போட்டு எழுதிவையுங்கள். மனைவி கூட இருந்திருந்தால் அவரும் தனியாக எழுதட்டும். இதில் வழக்கு எப்படிப் போகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

காலக்கெடுவில் மட்டும் சந்தேகமே இல்லை. வி.ஐ.சி.பி.யில் முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து மூன்று வருடம். ஊசியால் வந்தது என்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு கிடையாது, வலி தொடங்கிய நாளிலிருந்துதான். "எனக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது" என்று நான்காவது வருடத்தில் அழுதுகொண்டு போன் செய்தவர்களிடம் பேசியிருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. உயிரிழப்பு என்றால் கணக்கு வேறு: இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம், அதுவும் முதல் அறிகுறியிலிருந்து நான்கு வருடத்துக்குள். சி.ஐ.சி.பி.யில் இதைவிட மோசம், ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம். வலி தொடங்கிய நாள்கூட இல்லை. ஆகவே கோவிட் ஊசிக்கான உங்கள் கடைசி நாள் வரும் அக்டோபர் நடுவில். வக்கீலிடம் கேட்டுவிட்டு, தேவை என்றால் அந்த விண்ணப்பத்தையும் அதற்குள் போட்டுவிடுங்கள், கட்டணம் இல்லை. அட்டவணையும் கல்லில் செதுக்கியது இல்லை. 2021 ஜனவரியில் சிர்வாவை அதிலிருந்து நீக்கி விதி போட்டார்கள், ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மனு தாக்கலாகும் நாளில் அட்டவணை எப்படி இருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும். ஆறு மாதம் முடிந்த பிறகு ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

வக்கீல் கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்தத் திட்டத்தில் உங்கள் பணத்திலிருந்து வக்கீல் மூன்றில் ஒரு பங்கு எடுக்கும் வழக்கம் கிடையாது, சட்டமே அதைத் தடுக்கிறது. அவருடைய கட்டணத்தை நீதிமன்றம் தனியாக நிர்ணயித்து அதே நிதியிலிருந்து கொடுக்கும். நீங்கள் தோற்றாலும்கூட, நல்ல எண்ணத்தில், நியாயமான அடிப்படையோடு போட்ட மனு என்றால் அவருக்குக் கட்டணம் கிடைக்கும். அதனால் "முதலில் ஐயாயிரம் கட்டு" என்றோ "வருவதில் முப்பது சதவீதம்" என்றோ ஒருவர் சொன்னால் அவருக்கு இந்தத் துறை தெரியாது என்று அர்த்தம். இந்த வழக்குகளை எடுக்கும் வக்கீல்களின் பட்டியல் அந்த நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. நியூ ஜெர்சியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எந்த மாநிலத்திலிருந்தும் நடத்தலாம். எடுத்தவுடன் "போடலாம்" என்பவரை விட, ஆவணத்தைப் படித்துவிட்டு இழுத்து இழுத்துப் பேசுபவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

எவ்வளவு கிடைக்கும்? வலி, வேதனைக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 2,50,000 டாலர். 1986ல் வைத்த வரம்பு, இன்றுவரை ஏற்றவில்லை. சிர்வா வழக்குகள் அந்த உச்சத்துக்குப் போவது அபூர்வம். மிதமான பாதிப்புக்குப் பல பத்தாயிரம் டாலர், அறுவை சிகிச்சை வரை போனவர்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்பது நான் பார்த்த அளவு. அதோடு இன்ஷூரன்ஸ் கொடுக்காத செலவும் இழந்த சம்பளமும் சேரும். இரண்டு, மூன்று வருடம் ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன. இந்தத் திட்டத்தில் பணம் கொடுக்கப்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய 60 சதவீதம் அப்படிப்பட்டவை, ஊசிதான் காரணம் என்று அரசு ஒத்துக்கொள்ளாமலே பேசித் தீர்த்தவை. இதை இரண்டு பக்கத்துக்காரர்களும் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். "இத்தனை கோடி கொடுத்தார்கள், பார், ஊசி விஷம்" என்பார் ஒருவர். "எதுவும் நிரூபணமாகவில்லை, எல்லாம் பணத்துக்காக" என்பார் இன்னொருவர். பல நூறு கோடி ஊசிகள் போடப்பட்ட நாட்டில் பல ஆயிரம் பேருக்கு இழப்பீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பல ஆயிரத்தில் ஒருவரின் கை வலியும் உண்மை, மற்றவர்களைக் காப்பாற்றிய ஊசியும் உண்மை. நான் ஒவ்வொரு வருடமும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறேன், உட்கார்ந்துகொண்டு, தோள் முழுவதும் தெரியும்படி சட்டையைக் கழற்றி.

விசாவைப் பற்றி: இந்தத் திட்டத்தில் மனு செய்யக் குடியுரிமை தேவையில்லை. ஊசி அமெரிக்காவில் போடப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இது அரசு உதவித்தொகை கிடையாது, பாதிப்புக்கான ஈடு. எச்-1பியில் இருந்த சிலருடைய கோப்புகளை நான் கையாண்டிருக்கிறேன், யாருக்கும் இதனால் சிக்கல் வந்ததாகக் கேள்விப்படவில்லை. இருந்தாலும் க்ரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் இருந்தால் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஊசி அமெரிக்காவில் போடப்பட்டிருக்க வேண்டும் என்பதால், ஊரில் போட்ட ஊசிக்குப் பொதுவாக இந்தத் திட்டத்தில் இடமில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஊருக்குப் போகும் முன் இங்கே போட்டுக்கொள்ளும் டைஃபாய்டு ஊசி இந்த அட்டவணையில் கிடையாது. மஞ்சள் காமாலை ஏ, பி இரண்டுக்குமான ஊசிகள் உண்டு.

கடைசியாகக் கோயம்புத்தூர் பிசியோதெரபி. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் உங்கள் கோப்பில் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையென்றால் அரசு வக்கீல் "அந்த இரண்டரை மாதம் வலி இல்லை போலிருக்கிறது" என்றுதான் படிப்பார். சிகிச்சையில் விழும் இடைவெளி இழப்பீட்டுத் தொகையையும் குறைக்கும். அங்கே மூன்று வாரம் தினமும் போயிருக்கிறீர்கள், அது உங்கள் பக்கத்துக்குப் பெரிய பலம். ஆனால் ஊரில் ஆவணம் ஆஸ்பத்திரியில் இருக்காது, நம் கையில்தான் கொடுத்துவிடுவார்கள். ஓ.பி. சீட்டு, பிசியோவின் வருகை அட்டை, ரசீது, மருந்துச் சீட்டு எதுவாக இருந்தாலும் தேடுங்கள். பெட்டியின் பக்கவாட்டுப் பையில், பாஸ்போர்ட் உறைக்குள், அம்மா வீட்டு டிவி ஸ்டாண்டில் என்று எங்கேயாவது இருக்கும். இல்லையென்றால் அந்த பிசியோவுக்கே போன் செய்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தத் தோளுக்கு, வந்தபோது கை எவ்வளவு தூக்க முடிந்தது, போகும்போது எவ்வளவு என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்தும் சீலும் வைத்துத் தரச் சொல்லுங்கள். அவர் நோட்டில் உள்ளதை மட்டும் எழுதட்டும், உங்களுக்காக ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் உங்கள் போனை எடுத்து அக்டோபர் நடுவுக்குப் போங்கள். ஊசி போட்ட அன்று ராத்திரியோ மறுநாளோ மனைவிக்கோ அம்மாவுக்கோ நண்பர்கள் குழுவுக்கோ ஏதாவது அனுப்பியிருப்பீர்கள். "ஊசி போட்ட கை தூக்கவே முடியல" என்று தமிழில் ஒரு வரி இருந்தாலும் போதும், சான்றளித்த மொழிபெயர்ப்போடு கொடுக்கலாம். தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, அதற்குப் பிறகு வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.